பதினொரு முட்டைகள்

ஜனவரி 8

அரையாண்டுத் தேர்வு முடிவுகளைத் தலைமையாசிரியர் இன்று ஆசிரியர் அறைக்கே கொண்டுவந்தார். பல் பிடுங்கப் போகிறவரின் முகம்.

"பத்தாம் வகுப்பு அறிவியல்ல முக்கால்வாசிப் பேர் பாஸ், மேடம். இப்படியே போனா எங்க போய் முடியும்?"

நல்லபடியாக முடியும் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் தனியாகக் கூப்பிட்டு விளக்கினார். எங்கள் பள்ளி 'தேவை மிகுந்த பள்ளிகள்' பட்டியலில் இருக்கிறது. அதில் இருப்பதால் எங்களுக்குக் கிடைப்பவை: கணினிகள், மாலை வகுப்புக்கு ஒரு ஆள், பாதி கட்டி நிற்கும் பெண்கள் கழிப்பறை, அப்புறம் நான். ஆசிரியர் பயிற்சிக்கு எனக்கு உதவித்தொகை கொடுத்தார்கள். பதிலுக்கு நான் பட்டியலில் இருக்கும் பள்ளியில் நான்கு வருடம் அறிவியல் சொல்லித்தர வேண்டும். இரண்டு முடியப் போகிறது. பள்ளி பட்டியலை விட்டுப் போனால் நானும் போக வேண்டும், மீதி வருடங்களைக் கழிக்க இன்னொரு பட்டியல் பள்ளிக்கு. யார் உள்ளே, யார் வெளியே என்பதைப் பிப்ரவரியில் பத்தாம் வகுப்புக்கு நடக்கும் திறனறித் தேர்வு முடிவு செய்யும்.

நான் வருவதற்கு முன் மூன்று வருடம் அறிவியலுக்கு ஆளே இல்லையாம். உடற்பயிற்சி சார் பாடப்புத்தகத்தை உரக்கப் படிப்பாராம். நல்ல குரல் அவருக்கு.

"கொஞ்சம் மெதுவா நடத்தலாமே மேடம்," என்றார் தலைமையாசிரியர்.

"பாடம் முடியணுமே சார்."

"முடிங்க, முடிங்க. முடிக்க வேணாம்னு நான் சொல்லலை. புரியிற மாதிரி முடிக்கணுமான்னுதான்..."

வாக்கியத்தை முடிக்காமலே எழுந்து போய்விட்டார். வெட்கப்பட்டார் என்று நினைக்கிறேன்.

ஜனவரி 9

அக்காவிடம் சொன்னேன். சிரித்த சிரிப்பில் ஊசியை விரலில் குத்திக்கொண்டாள்.

அக்கா ஜன்னல் திரை தைப்பவள். அலுவலகங்களுக்கு, விடுதிகளுக்கு. இரண்டு அறை வீட்டில் ஒன்றில் துணி குடியிருக்கிறது, மற்றதில் நாங்கள் இருவரும். குளிர்பான ஆலையின் சோதனைக்கூடத்தில் தண்ணீரைப் பரிசோதித்துக்கொண்டிருந்த வேலையை நான் விட்டபோது ஒரு வாரம் பேசாமல் இருந்தவள். அதன்பிறகு பேசியது இது: "பள்ளிக்கூடத்த விட்டு வெளிய வரத்தான் எல்லாரும் படிக்கிறாங்க. நீ ஒருத்திதான்டி உதவித்தொகை வாங்கிக்கிட்டு உள்ள போற."

இன்று சொன்னாள்: "நல்லாத் தைச்சா வேற கடைக்கு அனுப்பிடுவாங்கன்னா, நான் இந்நேரம் வெளிநாட்டுல இருந்திருப்பேன்."

ஜனவரி 17

தலைமையாசிரியரைக் கெட்டவர் என்று எழுதிவிட்டால் எனக்கு வேலை சுலபம். எழுத முடியவில்லை.

இன்று என்னைக் கட்டடத்தின் பின்பக்கம் கூட்டிப் போனார். கழிப்பறைச் சுவர்கள் தோள் உயரத்துக்கு எழுந்திருக்கின்றன. கூரை இல்லை. உள்ளே சிமெண்ட் மூட்டையும் ஒரு பூனையும். "அடுத்த தவணை வந்தா கூரை. பட்டியல்ல இருக்கிற வரைக்கும்தான் தவணை," என்றார். பதினொரு வருடம் தண்ணீரைச் சோதித்தவள் நான். வந்த முதல் மாதமே கவனித்திருக்கிறேன், எங்கள் பெண்கள் யாரும் பள்ளிக்குத் தண்ணீர் கொண்டுவருவதில்லை. காலையிலிருந்து மாலை வரை ஒரு மடக்கு குடிப்பதில்லை. ஏன் என்று கேட்டபோது என்னை ஒன்றும் தெரியாதவளைப் பார்ப்பது போல் பார்த்தார்கள்.

அந்தத் தோள் உயரச் சுவருக்காக அந்த மனிதர் எத்தனை அலுவலகப் படி ஏறினாரோ. அதற்காக நான் பிள்ளைகளுக்குப் புரியாமல் நடத்த வேண்டுமா? பதில் தெரியவில்லை. ஒளிவிலகலைப் புரியும்படியே நடத்தினேன். அது பழக்கதோஷம்.

ஜனவரி 29

'வக்கீல்' இன்று அரை மதிப்பெண்ணுக்காக என்னோடு இடைவேளை முழுக்க வாதாடினாள். பத்தாம் வகுப்பிலேயே கெட்டிக்காரி. பட்டப்பெயர் நான் வைத்ததல்ல, ஆனால் நானும் அப்படித்தான் கூப்பிடுகிறேன். 'ஆவி' என்று எழுதியதற்கு அரை குறைத்திருந்தேன், 'நீராவி' என்று எழுதியிருக்க வேண்டும். "கெட்டில்ல தண்ணிதானே டீச்சர் இருக்கு? வேற எந்த ஆவி வரும்? பேயா?" கொடுத்துவிட்டேன். அவள் அம்மா மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவர். அந்த அம்மாவும் இப்படித்தான் பேசுவாரோ என்னவோ.

கடைசி பெஞ்சுத் 'தூக்கம்' அந்த வாதத்தின் நடுவிலும் தூங்கினான். ஒவ்வொருவருக்கும் ஒரு திறமை.

பிப்ரவரி 6

திறனறித் தேர்வு. நாற்பது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் நான்கு விடை, ஒரு கட்டத்தை நிரப்ப வேண்டும். மேற்பார்வைக்கு வெளிப்பள்ளி ஆட்கள். என்னை வளாகத்துக்குள்ளேயே விடவில்லை. எதிரே டீக்கடையில் மூன்று டீ குடித்தேன்.

பிள்ளைகள் கல்யாண வீட்டிலிருந்து வருவது போல வெளியே வந்தார்கள். "எப்படி எழுதினீங்க?" என்றேன்.

"ஒவ்வொண்ணுக்கும் நல்லா யோசிச்சு எழுதினோம் டீச்சர்," என்றாள் வக்கீல். எல்லாரும் சிரித்தார்கள். நானும் பெருமையாகச் சிரித்தேன்.

பிப்ரவரி 27

முடிவு வந்தது. மாவட்டத்திலேயே கடைசிப் பள்ளி நாங்கள்.

முப்பத்திரண்டு பேரில் பதினொரு பேர் முட்டை. வக்கீல் உட்பட.

பிப்ரவரி 28

நான் இரண்டு வருஷமா என்னதான் பண்ணிக்கிட்டிருந்தேன்?

மண்டையில் ஒன்றும் ஓடவில்லை. ஒண்ணு ரெண்டு இல்ல, பதினொண்ணு. மிச்சப் பேரிலும் பெரும்பாலும் ஒன்று, இரண்டு, மூன்று. அரையாண்டில் பாஸானதெல்லாம் என்ன? நான் கேட்டதை நானே அவர்கள் வாயில் ஊட்டியிருக்கிறேன். ஆலையில் தண்ணீரில் உப்பு கூடினால் கருவி சொல்லும். இங்கே கருவியும் நானே, தண்ணீரும் நானே.

தலைமையாசிரியர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "பட்டியல் தப்பிச்சுது மேடம். ரொம்ப நன்றி." நான் அவர் சொன்னதைக் கேட்டு மெதுவாக நடத்தினேன் என்று நினைத்துவிட்டார். வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு, செய்யாத காரியத்துக்கு.

அக்காவிடம் சொல்லவில்லை.

மார்ச் 1

காலைக் கூட்டத்தில் திறனறித் தேர்வில் பள்ளியிலேயே அதிக மதிப்பெண் எடுத்தவருக்குப் பரிசு. ஒன்பது மதிப்பெண்.

தூக்கம்.

மேடைக்குப் போனவன் முகம் செத்துக் கிடந்தது. பேனாவை வாங்கிக்கொண்டு தலையைக் குனிந்தபடி இறங்கினான். வரிசையில் அவன் திரும்பி வந்ததும் வக்கீல் அவனைப் பார்த்த பார்வை! காட்டிக்கொடுத்தவனைப் பார்ப்பது போல.

என்ன பார்வை அது?

மார்ச் 2

ஞாயிறு. காலையில் கேள்வித்தாளை வைத்துக்கொண்டு வெறித்துக்கொண்டிருந்தேன். அக்கா பார்த்துவிட்டாள். சொல்ல வேண்டியதாயிற்று.

"குடு இங்க, நான் எழுதறேன்."

அறிவியல் என்றால் அக்காவுக்கு இஸ்திரிப் பெட்டி ஷாக் அடிப்பது மட்டும்தான். தையல் மெஷினில் உட்கார்ந்தபடியே, படித்தும் படிக்காமலும் சுண்ணாம்புக் கட்டியால் கட்டங்களைக் கோடு போட்டுத் தள்ளினாள். திருத்தினேன். பதினொன்று.

"பதினொண்ணா! உன் பிள்ளைங்களுக்கு நான் வந்து பாடம் எடுக்கவா?"

அவள் சிரித்துக்கொண்டே இருந்தாள். நான் சிரிக்கவில்லை. நான்கில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலே நாற்பதில் பத்து வரும். ஒன்றுமே தெரியாதவர்களுக்குப் பத்து. பிள்ளைகள் எந்தக் கட்டத்தை நிரப்பினார்கள் என்ற விவரம் முடிவுகளோடு வந்திருந்தது. எடுத்துப் பார்த்தேன். ஒருவரும் ஒரு கேள்வியைக் கூட விடவில்லை. நாற்பதையும் எழுதி நாற்பதும் தப்பு.

கணக்கு சாருக்குப் போன் செய்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவரே கூப்பிட்டார். "லட்சம் பேர் கண்ண மூடிக்கிட்டு எழுதினா ஒருத்தருக்கு முட்டை விழலாம் மேடம். ஏன் கேக்கறீங்க?"

என் வகுப்பில் பதினொரு பேர்.

முட்டை வாங்க வேண்டுமென்றால் ஒவ்வொரு கேள்வியிலும் சரியான விடை எது என்று தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தால்தான் அதைத் தொடாமல் இருக்க முடியும்.

அடிப்பாவிகளா.

மார்ச் 3

வகுப்புக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். "முட்டை வாங்கினவங்கள்லாம் எழுந்திரிங்க."

எழுந்தார்கள். நாற்பதாவது கேள்வியைக் கரும்பலகையில் எழுதி, "விடை?" என்றேன். பதினொரு பேரும் ஒரே குரலில் சரியாகச் சொன்னார்கள். சொன்னபிறகுதான் மாட்டிக்கொண்டது உறைத்தது.

"நீங்க போயிடுவீங்கன்னு அலுவலக உதவியாளர் அண்ணன் சொன்னாரு," என்றாள் வக்கீல். "எங்க மார்க்ஷீட்ல இந்தப் பரிட்சை வராதுன்னும் சொன்னாரு. எங்களுக்கு நஷ்டம் இல்ல, உங்களுக்கு லாபம். இதுல என்ன டீச்சர் தப்பு?"

திட்டமிட்டுச் செய்திருக்கிறார்கள். தேர்வுக்கு முந்தின வாரம் முழுக்கத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் வகுப்பு நடந்திருக்கிறது, வக்கீல்தான் ஆசிரியை. சரியான விடை தெரியாமல் தப்பான விடை எழுத முடியாது என்பதால் மந்தமானவர்களுக்கு எல்லாப் பாடத்தையும் மறுபடி சொல்லிக் கொடுத்திருக்கிறாள். நான் இரண்டு வருடமாகச் செய்ய முடியாததை ஒரு வாரத்தில் செய்திருக்கிறாள். 'தோற்க வேண்டும்' என்றால் எவ்வளவு ஆர்வமாகப் படிக்கிறார்கள்!

தூக்கம் கண்ணீர் விட்டான். "நான் எவ்வளவோ முயற்சி பண்ணேன் டீச்சர். தப்பா எழுதவே வரல. ஒன்பது சரியாப் போயிடுச்சு."

மார்ச் 5

திட்டினேன். நியாயமாக, நீளமாகத் திட்டினேன். நேர்மை பற்றியெல்லாம் பேசினேன்.

ஆனால் இங்கே யாருக்குத் தெரியப் போகிறது, எழுதுகிறேன்: உள்ளுக்குள் ஒரு பூரிப்பு. இதுவரை யாரும் எனக்காக எதிலும் தோற்றதில்லை. பட்டியல் பத்திரம், கழிப்பறைக்குக் கூரை வரும், நானும் இங்கேயே இருப்பேன். யாருக்கும் நஷ்டமில்லை. வக்கீல் சொன்னது சரிதானே?

வாயை மூடிக்கொண்டிருக்கலாம் என்று முடிவு செய்திருக்கிறேன்.

மார்ச் 12

மூடிக்கொண்டிருக்க முடியாது.

அறிவியல் மேல்நிலை விடுதிப் பள்ளியில் இலவச இடங்களுக்கு வருடா வருடம் தனித்தேர்வு நடக்கும். வக்கீலை அதற்குத்தான் தயார் செய்துகொண்டிருந்தேன். இந்த வருடம் செலவைக் குறைக்கத் தனித்தேர்வு கிடையாது என்று இன்று அறிவிப்பு வந்தது. திறனறித் தேர்வு மதிப்பெண்ணையே எடுத்துக்கொள்வார்களாம்.

மதியம் அவள் அம்மா வந்தார். பாதிநாள் விடுப்பு எடுத்து, சலவைக்கூடச் சீருடையோடு. கையெல்லாம் நீராவி பட்டுச் சிவந்திருந்தது. "பாப்பாவுக்கு எப்பங்க கூப்பிடுவாங்க? பெட்டி ஒண்ணு வாங்கணும், அதான் கேக்கலாம்னு."

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "சொல்றேம்மா," என்றேன். எதைச் சொல்வது? உங்கள் பெண் என் மேல் வைத்த பாசத்தில் முட்டை வாங்கியிருக்கிறாள் என்றா?

மார்ச் 13

தலைமையாசிரியரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் எழுந்து ஜன்னல் வழியாகப் பின்பக்கம் பார்த்தார்.

"உண்மையச் சொன்னா பட்டியல் போயிடும்."

"தெரியும் சார்."

"நீங்களும் போயிடுவீங்க."

"தெரியும்."

"அது பரவால்ல," என்றார். பிறகுதான் சொன்னது அவருக்கே காதில் விழுந்தது. "பரவால்லன்னு சொல்லல மேடம். கூரை... இருநூறு பொண்ணுங்க மேடம். ஒரு பொண்ணுக்காக இருநூறு பேரா?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லப் பயிற்சிக் கல்லூரியில் எனக்குக் கற்றுத்தரவில்லை. "அவளும் அந்த இருநூறுல ஒருத்திதானே சார்," என்று மட்டும் சொன்னேன். அது பதில் இல்லை என்று எனக்கே தெரியும்.

சாயங்காலம் நான் கிளம்பும்போது சைக்கிள் நிறுத்துமிடத்தில் காத்திருந்தார். "தவணைப் பணம் நேத்தே வந்தாச்சு. ஒப்பந்தக்காரன்தான் இழுத்தடிக்கிறான். கூரை போட்ட கட்டடத்த யாரும் இடிக்கச் சொல்ல மாட்டாங்க. விடுதிப் பள்ளிக்கு மாசக் கடைசி வரைக்கும் நேரம் இருக்குல்ல? கூரைய போட விடுங்க. மறுநாளே நீங்க போய் உண்மையச் சொல்லிக்கோங்க. நானே பஸ் ஏத்தி விடறேன்."

உண்மைக்கும் கான்கிரீட் காய நேரம் கொடுக்க வேண்டும் போலிருக்கிறது. சரி என்றேன்.

மார்ச் 17

ஒப்பந்தக்காரர் வரவில்லை. பெரியப்பா இறந்துவிட்டாராம்.

மார்ச் 18

வரவில்லை. இன்னொரு பெரியப்பா.

மார்ச் 19

தலைமையாசிரியர் காலையில் ஒப்பந்தக்காரர் வீட்டு வாசலிலேயே போய் உட்கார்ந்துவிட்டார். பத்து மணிக்கு இருவரும் ஒரே வண்டியில் வந்தார்கள். பெரியப்பாக்களைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

மார்ச் 21

கூரை போட்டாகிவிட்டது. ஜல்லி கலக்கும் இயந்திரத்தின் சத்தத்தில் இன்று யாருக்கும் பாடம் கேட்கவில்லை. உடற்பயிற்சி சார் குரலே கேட்கவில்லை என்றால் பார்த்துக்கொள்ளலாம். தலைமையாசிரியர் வேட்டி, சட்டையெல்லாம் சிமெண்ட். என்னைப் பார்த்து, "நாளைக்குக் கிளம்புங்க," என்றார். சிரித்தார் என்றுதான் தோன்றியது.

மார்ச் 22

மதிப்பீட்டு அலுவலகம். மூன்றாம் மாடி, லிஃப்ட் வேலை செய்யவில்லை. அதிகாரி ஐம்பது வயது அம்மாள், கழுத்தில் தொங்கும் கண்ணாடி, மேஜையில் ஆறிப்போன காபி.

"எங்க பிள்ளைங்க மார்க் தப்புங்க."

"மறுகூட்டலுக்கு ரெண்டாவது கவுண்டர்."

"கூட்டல் சரிங்க. பிள்ளைங்கதான் தப்பா எழுதியிருக்காங்க."

"தப்பா எழுதினா அப்படித்தாம்மா மார்க் வரும்."

"வேணும்னே தப்பா எழுதியிருக்காங்க."

பேனாவைக் கீழே வைத்தார். "மார்க் கூட வந்தா விசாரிக்க எங்களுக்கு வழி இருக்கு. பார்த்து எழுதினாங்களா, யாராவது சொல்லிக் கொடுத்தாங்களான்னு. குறைச்சலா வந்தா விசாரிக்க வழியே இல்ல. மார்க் கம்மியா இருக்குன்னு இதுவரைக்கும் ஒரு பள்ளிக்கூடமும் படியேறி வந்ததில்ல."

கணக்கு சாரின் லட்சத்தில் ஒருவரைச் சொன்னேன். அக்காவின் பதினொன்றைச் சொன்னேன். அந்த இடத்தில்தான் அவருக்கு லேசாகச் சிரிப்பு வந்தது. கணினியில் எதையோ தட்டினார். மாவட்டம் முழுக்க முட்டை வாங்கியவர்களைத் தேடினார் போலிருக்கிறது. திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"வேற எந்தப் பள்ளியிலயும் ஒண்ணு கூட இல்ல," என்றார் மெல்ல. "பதினொண்ணும் உங்களுதுதானா?"

"ஆமாங்க."

"நீங்க உதவித்தொகையில வந்தவங்களா?"

"ஆமா."

"மறுதேர்வு நடந்தா உங்களுக்கு என்ன ஆகும்னு தெரியுமா?"

"தெரியும்."

கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். மனிதர்களைப் பார்க்க அவருக்குக் கண்ணாடி வேண்டாம் போலிருக்கிறது. 31ஆம் தேதி திங்கள்கிழமை மறுதேர்வு, அவரே வந்து நிற்பார். வேண்டுமென்றே தப்பாக எழுதுவது குற்றம் என்று எந்த விதியிலும் இல்லாததால் பிள்ளைகளுக்குத் தண்டனை கிடையாது. விதி எழுதியவர்களுக்கு இப்படி ஒரு பிள்ளை இருந்ததில்லை.

மார்ச் 26

வக்கீல் மறுதேர்வு எழுத மாட்டேன் என்கிறாள். அவள் எழுதாவிட்டால் வகுப்பே எழுதாது.

"அங்க ஒரு சீட்டுக்காக நீங்க போகணுமா? எனக்கு வேணாம்."

"இது உனக்கான சீட்."

"நீங்க போனா ஒன்பதாம் வகுப்புக்கு யாரு வருவா?"

"வேற ஒரு டீச்சர் வருவாங்க."

"உங்களுக்கு முன்னாடி யாரு டீச்சர் வந்தாங்க?"

யாரும் வரவில்லை. மூன்று வருடம் யாரும் வரவில்லை. இனியும் வருவார்களா என்று எனக்குத் தெரியாது, அதை அவளிடம் சொல்லவும் செய்தேன். பொய் சொல்லி ஜெயிக்கக் கூடிய ஆள் இல்லை அவள்.

வேறு வழியில்லாமல் அவள் அம்மாவை வரச் சொன்னேன். நடந்ததைக் கேட்டதும் அந்த அம்மா பெண்ணை அடிப்பார் என்று நினைத்து நடுவில் போய் நின்றேன். அடிக்கவில்லை. வகுப்பு முழுக்கக் கேட்கும்படி, ஆனால் சத்தம் போடாமல் பேசினார்.

"உங்க டீச்சருக்கு இது இல்லன்னா இன்னொரு பள்ளிக்கூடம் இருக்கு. உனக்கு என்ன இருக்கு? என் இஸ்திரிப் பெட்டி இருக்கு. வேணுமா? நாளைக்கே வா, சொல்லித் தரேன்."

வக்கீல் அம்மாவின் கையைப் பார்த்தாள். "எழுதறேன்," என்றாள்.

வாசல் வரை வழியனுப்பப் போனேன். "உங்களுக்குக் கஷ்டந்தாங்க," என்றார் அந்த அம்மா. "ஆனா நான் உங்கள இருக்கச் சொல்ல மாட்டேன்."

சொல்லியிருந்தால் இருந்திருப்பேனோ?

மார்ச் 31

மறுதேர்வு முடிந்தது. எனக்கு அதே டீக்கடை. இன்று வாங்கிய ஒரே டீயும் ஆறிப்போனது.

வெளியே வந்தவர்கள் யாரும் சிரிக்கவில்லை. தூக்கம் மட்டும் ஓடிவந்து, "இன்னைக்கு ரொம்ப ஈஸி டீச்சர். சரியா எழுதறது எவ்வளவு சுலபம்!" என்றான்.

ஏப்ரல் 16

பட்டியலிலிருந்து வெளியேறிவிட்டோம். மாவட்டத்தில் கடைசி இடத்திலிருந்து எட்டாவது இடத்துக்கு ஒரே தாவல் என்று பத்திரிகையில் வந்திருக்கிறது. காரணம் 'தலைமையாசிரியரின் அயராத கண்காணிப்பு'. பாவம், நிருபர் படம் எடுக்கக் கூப்பிட்டபோது ஓடி ஒளிந்துகொண்டார். கடைசியில் கழிப்பறையைப் பின்னணியாக வைத்துத்தான் நிற்பேன் என்றாராம். நிருபர் ஒப்புக்கொள்ளவில்லை.

வக்கீலுக்கு முப்பத்தொன்பது. அந்த ஒரு மதிப்பெண்ணை அவள் விடுவாளா? எது மின்சாரத்தைக் கடத்தும் என்ற கேள்விக்கு உப்புத் தண்ணீர் என்று எழுதியிருக்கிறாள். விடைக்குறிப்பில் செம்புக் கம்பி. "ரெண்டும் கடத்தும். ரெண்டு சரியான விடை கொடுத்தது அவங்க தப்பு." தானே அலுவலகத்துக்குப் போன் செய்திருக்கிறாள். நாற்பது ஆகிவிட்டது. விடுதிப் பள்ளியில் இடமும் ஆகிவிட்டது.

அந்த அதிகாரி அம்மாள் எனக்குப் போன் செய்து ஒன்றுதான் கேட்டார்: "இப்படி இன்னும் எத்தனை பேரம்மா வச்சிருக்கீங்க?"

ஏப்ரல் 25

கடைசி நாள். பிரிவுபசாரம் வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. கணக்கு சார் பேசினார். உடற்பயிற்சி சார் பேசினார், மைக் இல்லாமலே. அடுத்த வருடம் அறிவியல் யார் என்று தலைமையாசிரியர் மேலே கேட்டிருக்கிறார். தேவை மிகுந்த பள்ளிகளுக்கே ஆள் போதவில்லை, உங்களுக்குத்தான் தேவை இல்லையே என்று பதில்.

"ஒண்ணும் பிரச்சனையில்ல மேடம்," என்றார். "பழையபடி உரக்கப் படிக்கச் சொல்லிடறேன்." சிரிக்க முயன்றார். முடியவில்லை. எனக்கும்தான்.

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். பத்தாம் வகுப்புக்காரர்கள் எல்லாரும் ஜெயித்தார்கள், நான் ஜெயித்தேன், வக்கீலின் அம்மா வாங்க நினைத்த பயணப் பெட்டிக்கு வேலை வந்தது. இவர்கள் மட்டும் ஒன்றுமே செய்யாமல் தோற்றவர்கள். முன்வரிசைப் பெண் ஒருத்தி, "நாங்க பத்தாவது வந்ததும் நல்லா எழுத மாட்டோம் டீச்சர், நீங்க திரும்பி வந்துடுங்க," என்றாள். கோபம் வந்தது. திட்டப் போனவள் அழுதுவிட்டேன்.

வீட்டில் அக்கா தைத்துக்கொண்டிருந்த துணியை நகர்த்தி, உட்கார இடம் கொடுத்தாள்.

ஜூன் 9

புதுப் பள்ளி. இரண்டு பஸ் மாற வேண்டும். பட்டியலில் பழைய பள்ளி எட்டி எட்டிப் பிடித்துக்கொண்டிருந்தது என்றால், இது பாய் விரித்துப் படுத்திருக்கிறது. சோதனைக்கூடத்தில் உடைந்த நாற்காலிகள். குழாயில் தண்ணீர் வருகிறது, ஆனால் அதை நான் குடிக்க மாட்டேன். இரண்டு வருடமாக இங்கேயும் யாரும் இல்லையாம். அதற்கு முன் வந்த ஒருவர் மூன்றே மாதத்தில் போய்விட்டாராம்.

பத்தாம் வகுப்புக்குள் நுழைந்தேன். யாரும் எழுந்திருக்கவில்லை. கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது பின்னால் இருந்து ஒரு பையன் கேட்டான். மரியாதையாகவும் இல்லை, அவமரியாதையாகவும் இல்லை, பஸ் எப்போது வரும் என்று கேட்பது போல.

"நீங்க எத்தனை மாசம் இருப்பீங்க?"

இரண்டு வருடம் என்று சொல்லலாம். விதி அதுதான். ஆனால் விதி எப்படி வேலை செய்கிறது என்று எனக்குத் தெரியுமே.

"அது உங்க கையில இருக்கு," என்றேன். "நீங்க நல்லாப் படிக்கலன்னா முழுசா இருப்பேன். நல்லாப் படிச்சீங்கன்னா என்னை இங்கேருந்து அனுப்பிடுவாங்க."

விளையாட்டுக்குச் சொல்கிறேனா என்று பார்த்தார்கள். அப்புறம் ஜன்னலோரம் காலை நீட்டி உட்கார்ந்திருந்த ஒரு பெண் காலை மடக்கிக்கொண்டு, புத்தகத்தைத் திறந்தாள்.

"சரி டீச்சர். சீக்கிரமே அனுப்பிடறோம்."